தூரத்துப் போரும் ஒரே காவலனை நம்பியவர்களும்

"எங்கோ இரண்டு நாடுகள் சண்டை பிடிப்பதற்கு நாங்கள் ஏன் கவலைப்பட வேண்டும்? கடையைப் பார்த்தால் போதாதா?" என்று கேட்கும் வியாபாரிகள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். 2022 பெப்ரவரி 24ஆம் திகதி ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தபோதும் பலர் இப்படித்தான் கேட்டார்கள். அதற்கான பதில் சில வாரங்களுக்குள் கடை வாசலுக்கே வந்து சேர்ந்தது. உலகக் கோதுமை ஏற்றுமதியில் கால்பங்குக்கும் அதிகம் அவ்விரு நாடுகளிடமிருந்தே சென்றுகொண்டிருந்தது. சூரியகாந்தி எண்ணெயும் உரமும் அவ்வாறே. மார்ச் மாத ஆரம்பத்தில் மசகு எண்ணெய் பீப்பாய் ஒன்றின் விலை 130 டொலரைத் தாண்டியது. மாவும் பாணும் வாகனக் கூலியும் அதன் பின்னால் ஏறின.

விலை ஏறிய கதை எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் விலைப்பட்டியலில் தெரியாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு வல்லரசு பெரியதொரு போரில் அகப்பட்டுக்கொண்டால், அந்தப் போரில் சம்பந்தமில்லாத பிராந்திய நாடுகளின் பாதுகாப்புக்கு என்ன நேர்கிறது? நேற்றுவரை நண்பராக இருந்தவர் நாளையும் நண்பராக இருப்பாரா? பணம் கட்டிய ஆயுதம் வந்து சேருமா? எல்லையில் நிற்கும் காவலன் உண்மையில் காவல் காப்பானா?

2022 மார்ச் 2ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபையில் ரஷ்யாவைக் கண்டிக்கும் பிரேரணை வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. 141 நாடுகள் ஆதரவாகவும் 5 நாடுகள் எதிராகவும் வாக்களித்தன. 35 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. துருக்கியும் சவூதி அரேபியாவும் ஆதரவாக வாக்களித்தன. இந்தியா, ஆர்மேனியா ஆகியவற்றுடன் நமது நாடும் ஒதுங்கிக்கொண்டது. எதிர்த்த ஐந்தில் ஒன்று அசாதின் சிரியா. ஆனால் பின்னர் நடந்தவற்றைப் பார்த்தால், அன்று யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதைவிட யார் எத்தனை பேரிடம் கணக்கு வைத்திருந்தார்கள் என்பதே இந்நாடுகளின் தலைவிதியைத் தீர்மானித்தது எனலாம். வியாபாரிகளாகிய நாம் இதனைக் கவனிக்க வேண்டிய காரணமும் அதுவே.

வாசல் சாவியை வைத்திருந்தவர்

முதலில் துருக்கியைப் பார்ப்போம். 1952 முதல் நேட்டோ கூட்டணியில் இருக்கும் நாடு அது. ஆனாலும் இறக்குமதி செய்யும் எரிவாயுவில் 40 வீதத்துக்கும் அதிகத்தைப் போருக்கு முன் ரஷ்யாவிடமிருந்தே வாங்கியது. அதன் முதலாவது அணு மின்நிலையத்தை அக்குயுவில் கட்டுவதும் ரஷ்ய நிறுவனமே. 2019இல் ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணைகளை வாங்கியதற்காக, அமெரிக்காவின் எப்-35 விமானத் திட்டத்திலிருந்து துருக்கி வெளியேற்றப்பட்டது. மறுபுறம் உக்ரைனுக்கு பைரக்தார் ஆளில்லா விமானங்களை விற்றதும் இதே துருக்கிதான்.

போர் தொடங்கிய நான்காம் நாள், துருக்கி தன் கையிலிருந்த ஒரு பழைய சாவியை எடுத்தது. அது 1936ஆம் ஆண்டின் மொன்ட்ரூ உடன்படிக்கை. கருங்கடலுக்குள் நுழையும் நீரிணைகளின் பொறுப்பைத் துருக்கியிடம் கொடுத்திருக்கும் அவ்வுடன்படிக்கையின்படி, போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்கள் தமது சொந்தத் தளத்துக்குத் திரும்புவதற்கன்றி அவ்வழியே செல்ல முடியாது. 2022 ஏப்ரலில் ரஷ்யாவின் கருங்கடல் கப்பற்படையின் தலைமைக் கப்பலான மொஸ்க்வா மூழ்கியபோது, வேறு கடலிலிருந்து மாற்றுக் கப்பலைக் கொண்டுவர ரஷ்யாவுக்கு வழியிருக்கவில்லை. ஒரு குண்டும் சுடாமல் துருக்கி செய்த காரியம் இது.

அதே ஆண்டு ஜூலை 22ஆம் திகதி, ஐ.நா.வும் துருக்கியும் முன்னின்று இஸ்தான்புலில் தானிய உடன்படிக்கையை ஏற்படுத்தின. 2023 ஜூலையில் ரஷ்யா விலகும்வரை சுமார் 33 மில்லியன் தொன் தானியமும் உணவுப் பொருட்களும் அதன்மூலம் உக்ரைனிலிருந்து வெளியேறின. பின்லாந்தும் சுவீடனும் நேட்டோவில் சேர விண்ணப்பித்தபோதும் துருக்கியின் சம்மதம் தேவைப்பட்டது. துருக்கி அவசரப்படவில்லை. சுவீடனுக்கான அனுமதியை அதன் பாராளுமன்றம் 2024 ஜனவரி 23ஆம் திகதி வழங்கியது. அடுத்த சில நாட்களில், 23 பில்லியன் டொலர் பெறுமதியான எப்-16 விமான விற்பனைக்கு அமெரிக்க அரசாங்கம் பச்சைக்கொடி காட்டியது.

இதையெல்லாம் ஜனாதிபதி அர்தூகானின் சாதுரியம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. இரு தரப்புடனும் கொடுக்கல் வாங்கல் செய்வதற்கும் ஒரு விலை இருந்தது. ரஷ்யாவிலிருந்து துருக்கி செய்த இறக்குமதியின் பெறுமதி 2022இல் முன்னைய ஆண்டைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகி 58 பில்லியன் டொலரைத் தாண்டியது. உள்நாட்டு வட்டிக் கொள்கையுடன் இந்த எரிபொருள் செலவும் சேர்ந்துகொள்ள, 2022 ஒக்டோபரில் துருக்கியின் பணவீக்கம் 85 வீதத்தைக் கடந்தது. 2023 டிசம்பரில் அமெரிக்கா, ரஷ்யப் போர்த்துறைக்கு உதவும் வெளிநாட்டு வங்கிகளையும் தண்டிப்பதாக அறிவித்தது. துருக்கி வங்கிகள் உடனே ரஷ்யக் கொடுப்பனவுகளை இறுக்கின. சரக்கு தயார், வாங்குபவர் தயார், ஆனால் பணம் வங்கியைத் தாண்டி வரவில்லை. நடுநிலைமை என்பது இலவசமாகக் கிடைப்பதல்ல என்பதைத் துருக்கி ஏற்றுமதியாளர்கள் அப்போது உணர்ந்தார்கள்.

எண்ணெய் நாடு சொன்ன "இல்லை"

துருக்கியிடம் இருந்தது கடல் வாசல். சவூதி அரேபியாவிடம் இருந்தது எண்ணெய்க் கிணறு. பல தசாப்தங்களாக அந்நாட்டின் பாதுகாப்பு அமெரிக்க ஆயுதங்களிலேயே தங்கியிருந்தது. ஆனால் 2016 இறுதியிலிருந்து எண்ணெய் உற்பத்தியைத் தீர்மானிக்கும் ஒபெக் பிளஸ் ஏற்பாட்டில் ரஷ்யா சவூதியின் பங்காளியாக இருந்தது.

போரினால் எண்ணெய் விலை உயர்ந்தவுடன் அன்றைய அமெரிக்க ஜனாதிபதி பைடன் 2022 ஜூலையில் ஜித்தாவுக்கே சென்றார். மூன்று மாதங்களும் செல்லவில்லை. ஒக்டோபர் 5ஆம் திகதி ஒபெக் பிளஸ் நாடுகள் நாளொன்றுக்கு 2 மில்லியன் பீப்பாய் உற்பத்தியைக் குறைக்கத் தீர்மானித்தன. அமெரிக்கா கோபப்பட்டது. எனினும் ஆயுத உறவு முறியவில்லை.

இதனால் சவூதி ரஷ்யாவின் பக்கம் சாய்ந்துவிட்டது என்று கணக்குப் போட்டவர்கள் ஏமாந்தார்கள். 2023 மே மாதம் ஜித்தாவில் நடந்த அரபு லீக் உச்சி மாநாட்டுக்கு உக்ரைன் ஜனாதிபதி ஸெலென்ஸ்கி அழைக்கப்பட்டார். 2025 பெப்ரவரியில் அமெரிக்க, ரஷ்ய வெளிவிவகார அமைச்சர்கள் ரியாதில் சந்தித்தார்கள். மார்ச்சில் அமெரிக்க, உக்ரைன் பிரதிநிதிகள் ஜித்தாவில் பேசினார்கள். யாருடனும் கதவை மூடாதவரின் வீட்டில்தான் சமரசப் பேச்சு நடக்கும் என்பதற்கு இது நல்லதோர் உதாரணம்.

மலிவு எண்ணெயும் முடங்கிய ரூபாயும்

நமது அயல்நாடான இந்தியாவின் நிலை வேறு. போருக்கு முன் இந்தியாவின் எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 வீதமளவில்தான் இருந்தது. ஐரோப்பா வாங்க மறுத்த எண்ணெயை ரஷ்யா விலைக் கழிவில் கொடுத்ததும் இந்தியா வாங்கிக் குவித்தது. 2023இல் இந்தியாவின் எண்ணெயில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் ரஷ்யாவிடமிருந்து வந்தது.

இதில் வர்த்தகர்கள் கவனிக்க வேண்டிய இரு விடயங்கள் உள்ளன. முதலாவது, பணம் செலுத்தும் முறை. இந்திய வங்கிகளில் பில்லியன் கணக்கான ரூபாய் தேங்கிக் கிடக்கிறது, அதனைப் பயன்படுத்த முடியவில்லை என்று 2023 மே மாதம் கோவாவில் வைத்து ரஷ்ய வெளிவிவகார அமைச்சர் லவ்ரொவ் சொன்னார். காரணம் எளிதானது. இந்தியா ரஷ்யாவிடம் நிறைய வாங்கியது, ரஷ்யா இந்தியாவிடம் குறைவாகவே வாங்கியது. ஒரு பக்கமாகவே ஓடும் வியாபாரத்தில் உள்ளூர் நாணயம் என்பது செலவழிக்க முடியாத சீட்டாகிவிடும்.

இரண்டாவது, ஆயுதம். இந்தியப் படைகளின் டாங்கிகளும் போர் விமானங்களும் பெருமளவு ரஷ்யத் தயாரிப்புகள். 2018இல் ஐந்து எஸ்-400 தொகுதிகளுக்கு இந்தியா சுமார் 5.4 பில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் செய்தது. போரின் பின்னர் அவற்றில் கடைசி இரண்டு தொகுதிகள் தாமதமாயின. ரஷ்யத் தொழிற்சாலைகள் சொந்தப் படைக்கே ஓய்வின்றி உற்பத்தி செய்யும்போது வெளி வாடிக்கையாளர் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படுவது இயல்பே. ஆனால் இந்தியா அதற்கு முன்பே விழித்துக்கொண்டிருந்தது. பிரான்ஸ், அமெரிக்கா, இஸ்ரேல் என்று பல இடங்களில் வாங்கியதோடு உள்நாட்டிலும் உற்பத்தி செய்தது. ஸ்டொக்ஹோம் சமாதான ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, இந்தியாவின் ஆயுத இறக்குமதியில் 2009-13 காலப்பகுதியில் 76 வீதமாக இருந்த ரஷ்யாவின் பங்கு 2019-23இல் 36 வீதமாகக் குறைந்திருந்தது.

இந்தியாவுக்கும் கட்டணச்சீட்டு வராமலில்லை. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களின் மீது மேலதிகமாக 25 வீத வரி விதித்தது. ஏற்கனவே இருந்ததோடு சேர்த்து அது 50 வீதமானது. எண்ணெயில் இலாபம் பார்த்தவை சுத்திகரிப்பு நிறுவனங்கள். வரியின் அடியை வாங்கியவர்கள் ஆடை, இறால், ஆபரண ஏற்றுமதியாளர்கள். ஒரே நாட்டுக்குள்ளேயே ஒருவரின் இலாபத்துக்கு இன்னொருவர் விலை கொடுக்க நேரிட்டது.

காவலன் எழும்பாத வீடு

துருக்கி, சவூதி, இந்தியா மூன்றுக்கும் சேதம் ஏற்பட்டாலும் அவை தப்பிப் பிழைத்தன. காரணம், அவற்றிடம் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருந்தன. இனி ஒரே வழியை நம்பியிருந்த நாட்டுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

ஆர்மேனியா சுமார் மூன்று மில்லியன் மக்களைக் கொண்ட சிறிய நாடு. அதன் பாதுகாப்பு முழுவதும் ரஷ்யாவின் கையில் இருந்தது. கியும்ரி நகரில் ரஷ்யப் படைத்தளம். ரஷ்யா தலைமை தாங்கும் கூட்டுப் பாதுகாப்பு அமைப்பில் அங்கத்துவம். எரிவாயு ரஷ்யாவுடையது. ரயில் பாதையை நடத்துவதும் ரஷ்ய நிறுவனம். 2020இல் அஸர்பைஜானுடன் நடந்த 44 நாள் போரை முடிவுக்குக் கொண்டுவந்ததும் ரஷ்யாவே. அதன்படி நாகொர்னோ கரபாக் பிரதேசத்தில் சுமார் 2,000 ரஷ்ய அமைதிப்படையினர் நிறுத்தப்பட்டார்கள். சர்வதேச சட்டப்படி அஸர்பைஜானுக்குச் சொந்தமான அப்பிரதேசத்தில் ஆர்மேனிய இனத்தவர்களே வாழ்ந்து வந்தார்கள்.

உக்ரைன் போர் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. அஸர்பைஜான் ஜனாதிபதி அலியேவ் மிகவும் நிதானமாகக் காய் நகர்த்தினார். உக்ரைன் மீதான படையெடுப்புக்கு இரு நாட்களுக்கு முன்னர், 2022 பெப்ரவரி 22ஆம் திகதி, மொஸ்கோவில் ரஷ்யாவுடன் நட்புப் பிரகடனம் ஒன்றில் கையொப்பமிட்டார். அதே ஆண்டு ஜூலையில், ரஷ்ய எரிவாயுவுக்கு மாற்றுத் தேடிய ஐரோப்பிய ஒன்றியத்துடன் எரிவாயு உடன்பாடு செய்தார். துருக்கி ஏற்கனவே அவரது நெருங்கிய நண்பன். மூன்று பக்கமும் அவருக்குத் திறந்திருந்தன. ஆர்மேனியாவுக்கு ஒரு பக்கம் மட்டுமே.

2022 செப்டெம்பரில் அஸர்பைஜான் படைகள் ஆர்மேனியாவின் எல்லைக்குள்ளேயே தாக்கின. ஆர்மேனியா கூட்டுப் பாதுகாப்பு அமைப்பிடம் உதவி கேட்டது. வந்தது படையல்ல, நிலைமையைப் பார்வையிட ஒரு குழு. பணம் செலுத்திய ஆயுதங்களும் ரஷ்யாவிடமிருந்து வரவில்லை என்று ஆர்மேனியத் தலைவர்களே பகிரங்கமாகச் சொன்னார்கள். முற்பணம் கட்டிவிட்டுச் சரக்குக்காகக் காத்திருந்த அனுபவமுள்ள எந்த வியாபாரிக்கும் அந்த வேதனை புரியும்.

டிசம்பரில் கரபாக்கை ஆர்மேனியாவுடன் இணைக்கும் ஒரேயொரு வீதியான லாசின் பாதை அடைபட்டது. ரஷ்ய அமைதிப்படை அருகிலேயே நின்றது. 2023 செப்டெம்பர் 19ஆம் திகதி அஸர்பைஜான் தாக்குதல் தொடங்கி ஒரே நாளில் அப்பிரதேசத்தைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. சில நாட்களுக்குள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர்கள் வீடு வாசல்களை விட்டு வெளியேறினார்கள். கடைகளையும் தோட்டங்களையும் பூட்டிவிட்டுச் சாவியை மட்டும் எடுத்துச் செல்வது எத்தகைய வேதனை என்பதை நமது நாட்டு மக்களுக்கு, குறிப்பாக 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

2024 பெப்ரவரியில் ஆர்மேனியப் பிரதமர் பஷின்யான், கூட்டுப் பாதுகாப்பு அமைப்பில் தமது பங்களிப்பை நிறுத்தி வைத்திருப்பதாக அறிவித்தார். ஆயுதங்களுக்கு இந்தியாவையும் பிரான்ஸையும் நாடினார். 2025 ஆகஸ்ட் 8ஆம் திகதி அவரும் அலியேவும் வெள்ளை மாளிகையில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்பின் முன்னிலையில் சமாதானப் பிரகடனத்தில் கையொப்பமிட்டார்கள். ரஷ்யாவின் முற்றமாக இருந்த காக்கசஸில் சமரசம் பேசும் இடம் மொஸ்கோவிலிருந்து வாஷிங்டனுக்கு மாறியிருந்தது. ஆர்மேனியா மாற்று வழிகளைத் தேடியது சரிதான். ஆனால் அது வீடு எரிந்த பின் கிணறு தோண்டிய கதையாயிற்று.

பன்னிரண்டு நாட்களில் சரிந்த ஆட்சி

இதே பாடத்தின் இன்னும் கடுமையான வடிவம் சிரியாவில் நிகழ்ந்தது. 2015 செப்டெம்பரில் ரஷ்ய விமானப்படை நேரடியாக இறங்கியதாலேயே பஷார் அல் அசாதின் ஆட்சி தப்பியது. ஹுமைமிமில் விமானத்தளமும் தர்தூஸில் கடற்படைத் தளமும் ரஷ்யாவிடம் இருந்தன. ஆகாயத்தில் ரஷ்யா, தரையில் ஈரானும் ஹிஸ்புல்லாவும் என்று அந்த ஆட்சி நின்றது. சொந்த மக்களின் சம்மதம் அதற்கு இருக்கவில்லை.

உக்ரைன் போர் நீண்டபோது ரஷ்யாவின் படைபலம் அங்கேயே முடங்கியது. துருக்கி நீரிணையை மூடியதால், கருங்கடலிலிருந்து தர்தூஸுக்கு ரஷ்யப் போர்க்கப்பல்கள் சென்றுவரும் வழியும் அடைபட்டிருந்தது. ஹிஸ்புல்லாவோ 2024இல் இஸ்ரேலுடனான போரில் பெரும் இழப்பைச் சந்தித்திருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 27ஆம் திகதி இத்லிபிலிருந்து கிளர்ச்சியாளர்கள் புறப்பட்டார்கள். டிசம்பர் 8ஆம் திகதி டமஸ்கஸ் வீழ்ந்தது. அசாத் மொஸ்கோவுக்கு ஓடினார். அரை நூற்றாண்டுக்கும் மேலான குடும்ப ஆட்சி பன்னிரண்டு நாட்களில் முடிந்தது.

அதன் பின் நடந்ததும் கவனிக்கத்தக்கது. சிரியாவின் புதிய ஜனாதிபதி அஹ்மத் அஷ்ஷரா, தன்மீது குண்டு வீசிய ரஷ்யாவுக்கே 2025 ஒக்டோபரில் சென்று புட்டினைச் சந்தித்தார். அதற்கு முன் மே மாதத்தில் ரியாதில் ட்ரம்பையும் சந்தித்திருந்தார். ஒரே காவலனை நம்பி வீழ்ந்தவரின் கதிரையில் அமர்ந்தவர், அதே தவறைச் செய்ய விரும்பவில்லை போலும்.

பணமில்லாதவரின் நடுநிலைமை

நமது நாடும் இந்தப் போரின் ஓரத்தில் அகப்பட்டுக்கொண்டது. 2022இன் ஆரம்பத்தில் நமக்கு அதிகம் சுற்றுலாப் பயணிகளை அனுப்பிய நாடுகளின் முன்வரிசையில் ரஷ்யாவும் உக்ரைனும் இருந்தன. நமது தேயிலையை நெடுங்காலமாக வாங்கிவரும் நாடு ரஷ்யா. கையிருப்பில் டொலர் இல்லாமல் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தினோம். டொலரின்றி மூடப்பட்ட சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் மே மாத இறுதியில் மீண்டும் இயங்கியது சுமார் 90,000 தொன் ரஷ்ய மசகு எண்ணெயைக் கொண்டுதான்.

ஆனால் ஜூன் ஆரம்பத்தில், வெளிநாட்டுக் குத்தகை நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்தின் உத்தரவால் ரஷ்யாவின் ஏரோஃபுளொட் விமானம் கட்டுநாயக்கவில் நிறுத்தப்பட்டது. மொஸ்கோவில் நமது தூதுவர் அழைக்கப்பட்டார். ஏரோஃபுளொட் சேவையை நிறுத்தியது. விமானம் சில நாட்களில் விடுவிக்கப்பட்டும் சேவை மீண்டும் தொடங்க ஒக்டோபர் வரை சென்றது. இடையில் நட்டப்பட்டவர்கள் கரையோர ஹோட்டல்காரர்களும் வாகனக்காரர்களும் சிறு கடைக்காரர்களுமே.

துருக்கியும் இந்தியாவும் நாமும் நடுவில்தான் நின்றோம். ஆனால் துருக்கியிடம் நீரிணை இருந்தது, இந்தியாவிடம் பெரிய சந்தை இருந்தது. நம்மிடம் கையிருப்பு இருக்கவில்லை. கையில் பணமோ பண்டமோ இல்லாதவரின் நடுநிலைமையை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை.

கல்லாப்பெட்டிக்கு வருவோம்

இந்தக் கதைகளிலிருந்து வியாபாரிகள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். ஒரே ஆளிடம் சரக்கு, அவரிடமே கடன், அவருடைய வாகனத்திலேயே போக்குவரத்து என்பது நல்ல காலத்தில் மிகவும் மலிவானது. அலைச்சல் குறைவு, விலைக் கழிவும் கிடைக்கும். ஆர்மேனியாவும் அவ்வாறுதான் எண்ணியது. நமக்கும் அந்த ஆளுக்கும் இடையில் எந்தப் பிணக்கும் வரத் தேவையில்லை. அவருக்கு வேறெங்கோ ஒரு சிக்கல் வந்தாலே போதும், நமது கடையின் கதவு தானாக மூடிக்கொள்ளும்.

எனவே இன்றிரவு கணக்குப் புத்தகத்தை மூடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எனக்கு அதிகம் சரக்குத் தருபவர் அடுத்த மாதம் தரமுடியாமல் போனால், நான் அழைத்துப் பேசக்கூடிய இரண்டாவது ஆள் யார்? எனது பணம் எந்த வங்கி, எந்த நாணயம் வழியாகப் போய் வருகிறது, அது அடைபட்டால் வேறு வழி உண்டா? மற்றவர் என்னிடம் தேடி வருவதற்கு என் கையில் என்ன இருக்கிறது?

இரண்டாவது ஆளிடம் வாங்கினால் விலை சற்றுக் கூடலாம். அந்தக் கூடுதல் விலையைச் செலவாகப் பார்க்காமல் காப்புறுதிக் கட்டணமாகப் பாருங்கள். அந்த இரண்டாவது ஆளுடன் பழகத் தொடங்க வேண்டிய நேரம், முதலாவது ஆளின் தொலைபேசி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போதுதான்.